நிலம் ஊரில், சம்பளம் பெங்களூரில்

நவம்பர் மாதத்தின் நடுவில், ஆண்டுதோறும் நான்கு நாட்கள், பெங்களூர் பல்லாரி சாலையில் வண்டிகள் நகராமல் நிற்கும். ஹெப்பாளுக்கும் எலகங்காவுக்கும் இடையில் உள்ள ஜி.கே.வி.கே. வளாகத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடத்தும் 'கிருஷி மேளா'தான் காரணம். கோலார், தும்கூர், மண்டியா மாவட்டங்களிலிருந்து வேன் வேனாக விவசாயிகள் வந்து இறங்குகிறார்கள். நகரத்து மக்களும் குழந்தை குட்டிகளோடு வருகிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. பெரிய வாசலிலிருந்து திடல் வரை பல்கலைக்கழகமே பஸ் விடுகிறது. சலுகை விலையில் ராகிக் களியும் சாரும் கிடைக்கின்றன. வந்து போகிறவர்களை லட்சக்கணக்கில் எண்ணிச் சொல்கிறார்கள்.

இந்தக் கூட்டத்தில் பெங்களூர்த் தமிழர்கள் எவ்வளவு பேர் என்று பார்த்தால் அதிகம் தேறாது. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராம்புரத்திலும் லிங்கராஜபுரத்திலும் வசிக்கிற தமிழ்த் தொழிலாளியையோ குமாஸ்தாவையோ கேட்டால், "அது விவசாயிகளுக்கு நடக்கிறது, அதுவும் கன்னடத்தில் நடக்கிறது, நமக்கு அங்கே என்ன வேலை?" என்று பதில் வரும். போகிற சிலரும் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதைக் கழிக்கப் போகிறார்கள். கறவை மாட்டையும் வண்ண மீனையும் குழந்தைகளுக்குக் காட்டிவிட்டு, ஒரு ரோஜாச் செடி வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

இப்படி ஒதுங்கி நிற்பதால் நஷ்டம் பல்கலைக்கழகத்துக்கு அல்ல, ஒதுங்கி நிற்பவருக்குத்தான். அதுவும் அவர் பணத்தில் ஏற்படும் நஷ்டம்.

பெங்களூருக்குப் பிழைக்க வந்த தமிழர்களில் பெரும் பகுதியினர் கிருஷ்ணகிரி, தர்மபுரி, வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலைச் சீமைகளைச் சேர்ந்தவர்கள். ஊரில் ஒன்றரை ஏக்கரோ இரண்டு ஏக்கரோ மானாவாரி நிலம் இன்னும் இருக்கிறது. தகப்பனார் பார்த்துக்கொள்கிறார், அல்லது அண்ணன், சித்தப்பா பார்த்துக்கொள்கிறார்கள். மாதம் முதல் வாரத்தில் இங்கிருந்து பணம் போகிறது. விதை, உரம், உழவுக் கூலி, போர் போட வாங்கிய கடனின் வட்டி எல்லாம் அதில்தான் நடக்கின்றன. அதாவது ஏர் பிடிக்கிறவர் ஊரில் இருந்தாலும், செலவுக்குத் தலையசைக்கிறவர் பெங்களூரில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவிலோ, ஏதோ ஒரு பட்டறையிலோ உட்கார்ந்திருக்கிறார்.

அவர் தலையசைப்பது எப்படி நடக்கிறது? ராயக்கோட்டைப் பக்கத்துக் குடும்பம் ஒன்றை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். புரட்டாசி மாதத்தில் ஒரு நாள் இரவு ஊரிலிருந்து போன் வருகிறது.

"ராகியில புள்ளி புள்ளியா வந்திருக்கு கண்ணு. உரக்கடைக்காரரு ரெண்டு மருந்து கொடுத்திருக்காரு. கூட ஒரு டானிக்கும் அடிக்கச் சொல்றாரு."

"எவ்வளவு ஆவும்ப்பா?"

தொகையைக் கேட்டதும் ஒரு நொடி மௌனம். பிறகு, "சரிப்பா, வாங்கி அடிச்சிடுங்க. நாளைக்கு அனுப்பிடறேன்" என்கிறார் மகன். என்ன நோய், எந்த மருந்து, எப்போது அடிக்க வேண்டும், அடிக்கத்தான் வேண்டுமா என்பது தகப்பனாருக்கும் நிச்சயமில்லை, மகனுக்கும் தெரியாது. தெரிந்தவர் என்று நடுவில் இருப்பவர் உரக்கடைக்காரர் ஒருவர்தான். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் விற்பனைதான் அவருடைய பிழைப்பு. கடனுக்குக் கொடுக்கும் கடைக்காரரிடம் "இது தேவையா?" என்று கேட்கும் தைரியம் எந்த விவசாயிக்கும் வருவதில்லை.

அந்தப் புள்ளிக்குப் பெயர் குலைநோய். இலையில் புள்ளியாகத் தொடங்கும் அது, பிறகு கதிரின் கழுத்தைப் பிடிக்கும்; விரல்களையும் பிடிக்கும். கழுத்தில் பிடித்தால் மணி பிடிக்காமல் கதிர் பதராகப் போகும். இந்த நோயைத் தாங்கி நிற்கும் ராகி ரகம் ஒன்று, மகன் வேலை செய்யும் இதே பெங்களூரில்தான் உருவாக்கப்பட்டது. 'ஜி.பி.யு.-28' என்று பெயர். சிறு தானியங்களுக்கான அகில இந்திய ஆராய்ச்சித் திட்டத்தின் தலைமையிடம் நெடுங்காலம் ஜி.கே.வி.கே. வளாகத்திலேயே இருந்தது. அந்த ரகம் வெளிவந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆனியில் நல்ல விதை விதைத்திருந்தால் புரட்டாசியில் அந்தப் போன் பெரும்பாலும் வந்திருக்காது. சிவாஜிநகரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரப் பயணத்தில் கிடைத்திருக்கும் செய்தி அது.

பல்கலைக்கழகம் ஏன் வெளியே வர வேண்டும்?

கல்லூரி என்றால் பாடம் நடத்த வேண்டும், பட்டம் கொடுக்க வேண்டும். திருவிழா நடத்துவானேன் என்று சிலர் கேட்கிறார்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகங்களின் பிறப்பே வேறு விதமானது. அமெரிக்காவில் 1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சர்க்கார் நிலத்தை மானியமாகக் கொடுத்து வேளாண்மைக் கல்லூரிகளைத் தோற்றுவித்தார்கள். கல்லூரி கண்டுபிடித்தது கல்லூரிக்குள்ளேயே தங்கிவிடுகிறது என்று கண்டதும், 1914-இல் இன்னொரு சட்டம் செய்து, விவசாயியின் வீட்டு வாசல் வரை அதைக் கொண்டுபோகும் பொறுப்பையும் கல்லூரியின் தலையிலேயே வைத்தார்கள். பாடம், ஆராய்ச்சி, விரிவாக்கம் என்ற அந்த மூன்று கடமைகளோடு இந்தியாவில் முதல் பல்கலைக்கழகம் 1960-இல் பந்த்நகரில் வந்தது. பெங்களூரில் 1963-இல் சட்டம் இயற்றி 1964-இல் தொடங்கினார்கள். அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகம் ஆரம்பத்தில் கைகொடுத்தது.

ஆனால் ஹெப்பாள் மண்ணுக்கு அதைவிட நீண்ட சரித்திரம் உண்டு. 1899-இல் மைசூர் ராணி ரீஜன்ட் கெம்பநஞ்சம்மண்ணி 30 ஏக்கர் நிலம் கொடுத்து ஆராய்ச்சிப் பண்ணை ஒன்றைத் தொடங்கி வைத்தார். லேமன் என்ற ரசாயன நிபுணர் மண்ணையும் பயிரையும் ஆராயத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்தவர் கனடா நாட்டுக்காரரான லெஸ்லி கோல்மன். மலைநாட்டுப் பாக்குத் தோட்டங்களை மழைக்காலத்தில் 'கொளெ ரோகம்' என்ற அழுகல் நோய் சூறையாடிக்கொண்டிருந்த காலம் அது. குலைகளுக்குப் புல்லால் முடைந்த உறை கட்டி மறைப்பது ஒன்றுதான் தோட்டக்காரர்கள் அறிந்த வழி. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைத் தெளித்தால் நோய் நிற்கும் என்று கோல்மன் கண்டார். அந்த நோயைப் பற்றிய அவருடைய ஆய்வு 1910-இல் வெளிவந்தது. ஆய்வோடு அவர் நின்றிருந்தால் பாக்கு மரம் பிழைத்திராது. உயரமான மரத்தில் ஏறித் தெளிக்க வேண்டிய மருந்து அது. அதைத் தோட்டக்காரர்கள் நம்பும்படி தோட்டத்திலேயே செய்து காட்ட வேண்டியிருந்தது. இன்றும் மலைநாட்டில் மழைக்கு முன் அந்தக் கலவையைத்தான் தெளிக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கும் இந்த விஷயம் புதிதல்ல. தஞ்சை ஜில்லாவில் 1960-களில் ஆடுதுறை-27 என்ற குறுகிய கால நெல் பரவியபோது, திருச்சி வானொலி அதைப் பற்றி விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் 1974-இல் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம், கிருஷி விஞ்ஞான கேந்திரம், புதுச்சேரியில் திறக்கப்பட்டது. இன்று நாடு முழுவதும் அப்படிப்பட்ட நிலையங்கள் எழுநூறுக்கு மேல் இருக்கின்றன. தர்மபுரிக்காரருக்குப் பாப்பாரப்பட்டியில் ஒன்று. வேலூர்க்காரருக்கு விரிஞ்சிபுரத்தில் ஒன்று.

இவை எல்லாமே ஒரு கணக்கின் மேல் கட்டப்பட்டவை. நிலத்தில் நிற்பவனும் நிலத்தைப் பற்றி முடிவு செய்பவனும் ஒரே ஆள் என்பதுதான் அந்தக் கணக்கு. 1964-இல் அது சரி. இன்று அது பாதிதான் சரி. எழுபது வயதுத் தகப்பனார் விரிஞ்சிபுரம் போய்ப் பயிற்சிக் கூடத்தில் உட்கார மாட்டார். பெங்களூரில் உள்ள மகனை விரிவாக்க அதிகாரியின் எந்தப் பதிவேடும் விவசாயி என்று எழுதிக்கொள்வதில்லை. இருவருக்கும் நடுவில் உரக்கடை செழிக்கிறது.

வயலைப் பார்க்க வேண்டும், கடையை அல்ல

மேளாவுக்குப் போகிற தமிழர் முதலில் செய்ய வேண்டியது, கூட்டம் போகும் திசையில் போகாமல் இருப்பது. டிராக்டர் கம்பெனிகள், சொட்டுநீர்க் கம்பெனிகள், சமையல் சாமான், ஊறுகாய், பலகாரம் என்று கடை வரிசைகளே பாதி நாளைத் தின்றுவிடும். பல்கலைக்கழகத்தின் சரக்கு அங்கே இல்லை. செயல்விளக்கப் பாத்திகளில் இருக்கிறது. நவம்பர் நடுவில் ராகி விளைந்து தலை சாய்ந்து நிற்கும். பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் ரகத்துக்கு ஒரு பலகையோடு நிற்பதால், எந்தக் கதிர் கனக்கிறது, எது சாய்கிறது, எதில் தட்டு அதிகம் என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்குத் தட்டும் ஒரு விளைச்சல்தானே.

ராகி என்பது ஏழைகளின் தானியம் என்று ஒதுக்கப்பட்டிருந்த காலத்தில் மண்டியா ஆராய்ச்சி நிலையத்தில் லட்சுமணய்யா என்ற விஞ்ஞானி இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் கலந்து 'இண்டாஃப்' என்ற பெயரில் வரிசையாகப் புது ரகங்களை உண்டாக்கினார். கன்னட நாட்டில் அவர் பெயரே 'ராகி லட்சுமணய்யா' என்று ஆகிவிட்டது. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியபோது ராகிக்குப் புது மரியாதை வந்தது. பெங்களூர் ஓட்டல்களில் ராகி தோசை, ராகி இட்லி என்று விலை உயர்ந்தது. அந்த விலையில் ஊரில் விளைவிக்கிறவருக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்பது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

விதை வாங்கும்போது ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ராகி தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். நல்ல விதையை ஒரு முறை வாங்கினால், நோயில்லாத நல்ல கதிர்களைப் பொறுக்கி எடுத்து இரண்டு மூன்று வருஷம் சொந்த விதையாகவே விதைக்கலாம். ஏக்கருக்கு நான்கைந்து கிலோ போதும். ஒரு கைப்பையில் ஊருக்குக் கொண்டுபோகக் கூடிய சுமைதான். வீரிய மக்காச்சோளம் அப்படி அல்ல. வருஷா வருஷம் புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல், மக்காச்சோளத்தில் அறுத்ததையே விதைத்து ஏமாந்தவர்களும் உண்டு; ராகிக்கு ஆண்டுதோறும் பாக்கெட் வாங்கிப் பணத்தை விட்டவர்களும் உண்டு.

ராகிப் பாத்தியில் எட்டு வரிசைக்கு இரண்டு வரிசை துவரை நிற்பதைப் பார்க்கலாம். ராகியோடு அவரை, துவரைச் சால் விடுவது ஓசூர்ப் பக்கத்துப் பாட்டன்மார்களுக்குத் தெரிந்ததுதான். கன்னடத்தில் அதை 'அக்கடிச் சாலு' என்கிறார்கள். எத்தனைக்கு எத்தனை என்ற கணக்கைத்தான் ஆராய்ச்சிக்காரர்கள் வருஷக்கணக்கில் விதைத்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ராகி கார்த்திகையில் அறுவடையாகிவிடும். துவரை ஆழமாக வேர் விட்டுத் தை வரை நிற்கும். கடைசி மழை பொய்த்து ராகி குறைந்தாலும் துவரையில் கொஞ்சமாவது கைக்கு வரும். மானாவாரிக்காரனுக்கு மகசூலை விட முக்கியம் இந்த ஈடுதான்.

அவரையையும் விடக்கூடாது. பனிக்காலத்தில் பெங்களூர் மார்க்கெட்டில் குவியும் அவரைக்காயையும், கிருஷ்ணகிரி, வேலூர் வீடுகளில் மணக்கும் பிதுக்குப் பருப்புக் குழம்பையும் அறியாத தமிழர் இங்கே கிடையாது. நாட்டு அவரை பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும். ஆகவே வருஷத்தில் ஒரு பருவம்தான். பகலின் நீளத்தைப் பார்க்காமல் எந்தப் பருவத்திலும் பூக்கும் 'ஹெப்பாள் அவரை' ரகங்களை இந்தப் பல்கலைக்கழகம் கொடுத்திருக்கிறது. வெளிமார்க்கெட்டில் காய் இல்லாத மாதத்தில் காய் பறிக்கிறவனுக்குத்தான் விலை. பனிக்கால அவரையின் வாசனை இதில் இல்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு, குறை நியாயமானதே. விற்பதற்கு இது, வீட்டுக்கு அது என்று வைத்துக்கொள்வதில் தவறில்லை.

எல்லாவற்றையும் விட அதிகப் பணம் போகிற இடம் போர். கோலாரிலிருந்து கிருஷ்ணகிரி வரை பூமிக்கடியில் ஒரே கடினப் பாறை. ஆயிரம் அடி போட்டும் புழுதி மட்டும் வந்த கதைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. பெங்களூரில் பத்து வருஷம் சேர்த்த பிராவிடண்ட் பண்டு ஒரே இரவில் அந்தத் துளைக்குள் போயிருக்கிறது. வறள்நில வேளாண்மை ஆராய்ச்சிப் பிரிவு மேளாவில் காட்டும் பண்ணைக் குட்டையைப் பார்த்துவிட்டு அந்தச் செலவுக்குத் தலையசைக்கலாம். செம்மண் நிலத்தில் அடித்துப் பெய்யும் மழை பாதி ஓடிவிடுகிறது. அதை நிலத்தின் தாழ்ந்த மூலையில் தேக்கி வைத்து, கதிர் வரும் நேரத்தில் மழை இடைவெளி விட்டால் ஒரே ஒரு தண்ணீர் கொடுப்பதுதான் அந்த வித்தை. நெல்லுக்கும் கரும்புக்கும் அது போதாது. ராகியைக் காப்பாற்றப் போதும். போர்க்காரர் தண்ணீர் வருமா வராதா என்று சொல்ல முடியாது. குட்டையில் எவ்வளவு நிற்கும் என்று குழியை அளந்தே சொல்லிவிடலாம்.

மொழி ஒரு சாக்கு

துண்டுப் பிரசுரங்கள் எல்லாம் கன்னடத்தில் இருக்கின்றன என்பது தமிழர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை. கர்நாடகத்து விவசாயியின் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம் கன்னடத்தில்தான் அச்சிட வேண்டும். கோவையில் நடக்கும் உழவர் விழாவில் கன்னடப் பிரசுரம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. பெங்களூரில் இருபது வருஷம் இருந்தும் பஸ்ஸின் போர்டைத் தவிர வேறு கன்னட எழுத்தைப் படிக்காதவர்கள் அந்தக் குறையைத் தங்களிடம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

உண்மையில் விவசாயம் பேசும்போது இரு மொழிகளும் பக்கத்து வீடுகள். மழை அங்கே மளெ, விளைச்சல் பெளெ, களை களெ, மண் மண்ணு, நீர் நீரு, அவரை அவரெ. உரத்துக்குக் கொப்பரம், விதைக்கு பீஜ என்ற இரண்டு வார்த்தைகளையும் சேர்த்துக்கொண்டால் பாதிப் பிரசுரம் புரிந்துவிடும். பாத்தியருகில் நிற்கும் மாணவரிடமோ விஞ்ஞானியிடமோ அரைகுறைக் கன்னடத்தில் கேட்டாலும், பதில் பொறுமையாகத்தான் வரும்.

இதில் ஒரு தயக்கமும் உண்டு. அதை மூடி மறைப்பதில் பயனில்லை. 1991-இல் காவிரிக் கலவரத்தைப் பார்த்தவர்கள், பொது இடத்தில் தமிழில் பேசத் தங்கள் பிள்ளைகளுக்கே அஞ்சக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பயம் சிலருக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. தண்ணீரைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் வேறு. தண்ணீர் இல்லாமல் பயிர் வைக்கிறவர்கள், அவர்கள் மாகடியிலிருந்து வந்தாலும் தேன்கனிக்கோட்டையிலிருந்து வந்தாலும், ஒரே பாத்தியைச் சுற்றி நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

பல்கலைக்கழகத்தின் பங்கு

குறை முழுவதும் ஒரு பக்கம் இல்லை. வந்து போன தலைகளை எண்ணி வெற்றி என்று அறிவிப்பது மேளா நடத்துகிறவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. எத்தனை பேர் வந்தார்கள் என்பதைப் பத்திரிகைகளும் அதே உற்சாகத்தோடு போடுகின்றன. வந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த ஆனியில் வேறு விதை விதைத்தார்கள் என்று கேட்டுப் பார்த்தால்தான் மேளாவின் மதிப்பு தெரியும். திடலின் நடுவே கம்பெனிகளின் ஒலிபெருக்கி முழங்கும்போது, ஓரத்துப் பாத்தியில் நிற்கும் இளம் விஞ்ஞானியின் குரல் நாலு பேருக்குக்கூடக் கேட்பதில்லை. துண்டுப் பிரசுரங்கள் புல்லில் உட்கார விரிப்பாகப் போவதையும் பார்க்கலாம்.

நகரத்தில் சம்பளம் வாங்கி ஊரில் பயிர் வைக்கிறவர்கள் தமிழர்கள் மட்டும் அல்ல. பீன்யாவின் பட்டறைகளில் வேலை செய்யும் தும்கூர்க்காரரும், ஆட்டோ ஓட்டும் மண்டியாக்காரரும் அதே நிலையில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று மேளாவில் ஒரு தனிக் கூடாரம் போடலாம். போர் போடுவதற்கு முன் என்ன கேட்க வேண்டும், மருந்துச் சீட்டைப் படிப்பது எப்படி, ஊரில் உள்ளவருக்குப் போனில் என்ன கேட்டால் நோய் இன்னது என்று தெரியும் என்பதை அரை மணி நேரத்தில் சொல்லித்தர முடியும். பெரிய செலவில்லை. ஞாயிற்றுக்கிழமையன்று அந்தக் கூடாரத்தில் ஆள் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. மற்ற நாளில் இவர்களுக்கு லீவு கிடையாது.

ஊரில் நிலமே இல்லாதவர்கள், அல்லது இருந்ததை விற்றுவிட்டு வந்தவர்கள், இதெல்லாம் தங்களுக்கு இல்லை என்று நினைக்கலாம். அவர்களுக்கும் ஹெப்பாளில் ஒரு கதவு உண்டு. இந்தப் பல்கலைக்கழகம் பல பத்தாண்டுகளாக அங்கே பேக்கரிப் பயிற்சி நடத்தி வருகிறது. சில வாரங்களில் முடிவதும் உண்டு. சில மாதங்கள் நடப்பதும் உண்டு. பெங்களூர் பேக்கரிகளில் மாவு பிசைந்தே காலம் கழிக்கும் தமிழ் இளைஞர்கள் பலர். கை அளவில் வேலை தெரியும். ஆனால் மாவு ஏன் புளிக்கிறது, அடுப்புச் சூடு எவ்வளவு, ஒரு கிலோ மாவுக்கு அடக்க விலை என்ன என்று கணக்காகத் தெரியாததால் முதலாளியாக முடிவதில்லை. அந்தக் கணக்கைத்தான் அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். தங்கவயலில் 2001-இல் சுரங்கம் மூடப்பட்ட பின், விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து இரவில் திரும்பும் தமிழர் குடும்பங்கள் ஏராளம். அந்த வீடுகளில் ஒரு பிள்ளையோ பெண்ணோ இந்தப் பயிற்சியைப் பெற்றால், ஊரிலேயே ஒரு சின்ன பேக்கரி வைத்துப் பிழைக்கலாம். சர்க்கார் கொடுக்கும் இந்தப் பயிற்சி இருப்பதே அந்தப் பக்கத்தில் பலருக்குத் தெரியாது.

பொங்கல் லீவில் ஒரு வேலை

மேளாவைப் பார்த்துவிட்டு வந்தவர் அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. அறுவடை முடிந்து நிலம் காலியாக இருக்கும் சமயம் அது. மண்ணைப் பரிசோதனைக்கு எடுக்கலாம்.

எடுப்பதில்தான் சூட்சுமம். வரப்போரம், மரத்தடி, எருக்குழி இருந்த இடம் ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். நிலத்தில் வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடத்தில், மேலே உள்ள குப்பையை மட்டும் தள்ளிவிட்டு, மண்வெட்டியால் 'வி' வடிவில் 15 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண் அளவுக்குச் சற்றுக் குறைவாக, வெட்ட வேண்டும். குழியின் ஓரத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரே கனத்தில் சீவி எடுத்த மண்ணைச் சேர்த்து, சுத்தமான துணியில் கொட்டிக் கலந்து, நிழலில் உலர்த்த வேண்டும். நான்காகப் பிரித்து எதிர் எதிர்ப் பாகங்களைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும். பழைய யூரியாப் பையில் போட்டுவிட்டால் எல்லாம் வீண். பையில் ஒட்டியிருக்கும் உரமே பரிசோதனையில் தெரியும். துணிப்பையில் போட்டு, சர்வே நம்பர், போன பயிர், அடுத்து வைக்கப்போகும் பயிர் இவற்றை எழுதி, சொந்த மாவட்டத்து மண் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துவிட்டு வரலாம். 2015-இல் மண் வள அட்டைத் திட்டம் வந்தபோது எத்தனையோ வீடுகளுக்கு அட்டை கிடைத்தது. அதைப் பிரித்துப் படித்தவர்கள் குறைவு. அரிசி டப்பாவின் மேல் மூடியாக இருக்கும் அட்டைகளும் உண்டு. படித்துப் பார்த்தால், தேவையில்லாமல் போடும் டி.ஏ.பி. மூட்டை ஒன்றாவது மிச்சமாகும். அந்த மூட்டைக்கும் பணம் பெங்களூரிலிருந்துதான் போகிறது.

பயிரில் சந்தேகம் வந்தால் ஊரிலிருந்தே தகப்பனார் 1800-180-1551 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். 2004 முதல் மத்திய சர்க்கார் நடத்தும் கிசான் கால் சென்டர் அது. தமிழில் பதில் சொல்வார்கள். உரக்கடைக்குப் போவதற்கு முன் அங்கே ஒரு போன் செய்யும்படி மகன் சொல்லி வைக்கலாம்.

தமிழ் அமைப்புகளும் இதில் கொஞ்சம் கவனம் செலுத்தலாம். அல்சூர் ஏரிக்கரையில் உள்ள தமிழ்ச் சங்கமும், பேட்டைக்குப் பேட்டை உள்ள மன்றங்களும் பட்டிமன்றத்துக்கும் இசை நிகழ்ச்சிக்கும் ஆள் சேர்க்கத் தெரிந்தவை. மேளாவின் ஞாயிற்றுக்கிழமையில் அல்சூரிலிருந்து ஒரு வண்டி, ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு வண்டி ஏற்பாடு செய்யலாம். கிருஷ்ணகிரியை அடுத்த பையூரில் கோவைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பையூர் மண்ணும் பெங்களூர் ஜி.கே.வி.கே. மண்ணும் ஏறக்குறைய ஒரே சாதி, பயிரும் அதேதான். அங்கிருந்து ஒரு விஞ்ஞானியைக் கேட்டு அழைத்து வந்தால், பாத்தி பாத்தியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே நடப்பார். இரு பல்கலைக்கழகங்களுக்கும் அதில் ஆட்சேபணை இருக்க நியாயமில்லை. வண்டியில் ஏறுகிறவர்கள் ஒவ்வொருவரும் ஊரில் உள்ளவரிடம் முதல் நாள் இரவே கேட்டு ஒரு கேள்வியைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வர வேண்டும். சங்கங்கள் அதைச் சீட்டைப் போல வாங்கிக்கொண்டு ஏற்றினால்கூடத் தவறில்லை.